மதிலுக்கு மேலால் வந்த பூ

அந்தப் பங்குனி முழுக்க எனக்கு ஒரே வேலைதான். விடிய எழும்பி, பந்தலுக்குக் கீழே உதிர்ந்து கிடக்கிற பூக்களைக் கூட்டி அள்ளுவது. கொடித்தோடை அப்படிப் பூத்துத் தள்ளியது. கடைகளில் பாஷன் புறூட் என்று எழுதி வைப்பார்களே, அதுதான். வெள்ளையும் ஊதாவுமாய் சரியான வடிவான பூ. மத்தியானம் கழிய விரியும், இரவில் மூடும், மூன்றாம் நாள் காம்பு மஞ்சளித்து விழும். பிஞ்சு மட்டும் மருந்துக்கும் இல்லை.

நான் முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவள். விடை வராத கணக்கைக் கண்டால் எனக்குக் கொதி வரும். பூவை எண்ணினேன், தண்ணீர் ஊற்றின வாளிகளை எண்ணினேன், சாம்பலும் மாட்டெருவும் போட்ட நாட்களை எழுதி வைத்தேன். எல்லாம் சரி. விடை மட்டும் பூச்சியம்.

இது பொழுது போக்குக்குச் செய்த தோட்டம் என்றால் கூட்டுகிற தும்புத்தடியை எறிந்துவிட்டுப் போயிருப்பேன். என்னுடைய இருப்பே அந்தப் பந்தலில்தான் தொங்கியது. உரும்பிராயில் இந்த வீடும் வளவும் அம்மாவுக்குச் சீதனமாக வந்தவை. வழமைப்படி பிறகு எனக்குச் சீதனமாக எழுதியிருக்க வேண்டும். எனக்குக் கலியாணம் நடக்கவில்லை, அதனால் எழுத்தும் நடக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் போனபிறகு பார்த்தால் காணி உறுதி தம்பியின் பெயரில் இருக்கிறது. தம்பி கனடாவில். கெட்டவன் இல்லை. என்னில் உயிர்தான். அதுதான் கரைச்சலே.

"அக்கா, தனிய உந்தப் பெரிய வளவுக்குள்ளை இருந்து என்ன செய்யப் போறியள்? காணியும் சும்மா கிடக்குது. வித்துப்போட்டு கொழும்பிலை உங்களுக்கு ஒரு பிளற் எடுத்துத் தாறன். லிப்ற் எல்லாம் இருக்கும்" என்று வீடியோவில் வந்து சொன்னான்.

லிப்ற்றை வைத்து நான் என்ன செய்ய? மேலே போய் ஆரைப் பார்க்க, கீழே வந்து ஆரைப் பார்க்க?

"காணி சும்மா கிடக்காது. வாற வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு வா. வந்து பார். தோட்டம் தோட்டமாய் இல்லாட்டி நான் ஒரு கதை கதைக்காமல் பெட்டி கட்டுறன்" என்றேன். மூக்கு நுனியில் கோபம் இருக்கிறவளுக்கு வாக்கும் நாக்கு நுனியில்தான் இருக்கும். சொல்லி முடித்த பிறகுதான் பயந்தேன்.

அப்பாவின் திராட்சைப் பந்தல் பின்வளவில் இருந்தது. கொடிகள் நோய் பிடித்துச் செத்து எவ்வளவோ காலம், ஆனால் இரும்புக் குழாயும் கம்பியும் நல்ல நிலையில் இருந்தன. மருதனார்மடம் சந்தையில் கொடித்தோடைக்கு இப்போது நல்ல கிராக்கி, யூஸ் கடைக்காரர் கேட்டு வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னோடு படிப்பித்த ஒருவர் வீட்டில், சாவகச்சேரியில், ஐந்தாறு கொடிகள் நின்றன. அதில் ஒன்றில் பழம் ஒவ்வொன்றும் கைக்குள் அடங்காது. கண்ட கண்ட கொடியில் வெட்டாமல் அந்த ஒரு கொடியிலேயே தண்டு வெட்டி, பதியன் வைத்து, இருபத்தெட்டுக் கன்றும் நட்டேன். திறமான தாய்க்குத் திறமான பிள்ளைகள் பிறக்கும் என்று எனக்குள் ஒரு பெருமை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிப் புழுகினேன்.

விவசாயத் திணைக்களத்தில் இருந்து வந்த போதனாசிரியை என்னுடைய பழைய மாணவி. கணக்குப் பாடத்தில் என்னிடம் அவள் வாங்கினதெல்லாம் சிவப்புக் கோடுதான். அவள் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ரீச்சர், பூத்தூள் காவுற கருவண்டு வாறதில்லையோ?"

"எப்பவாவது ஒண்டு வரும்."

"வெங்காயத் தோட்டங்களுக்கு அடிக்கிற மருந்து ஒரு பக்கம். மற்றது, கருவண்டு காய்ஞ்ச மரத்திலை ஓட்டை போட்டுத்தான் குடியிருக்கும். இஞ்சை பழைய மரம் கிரம் ஏதும் நிண்டதோ?"

நான் உதிர்ந்த பூ ஒன்றைக் குனிந்து எடுத்தேன். பிறகு அவள் கேட்ட கேள்வியில்தான் நான் மாட்டுப்பட்டேன்.

"கொடிக் கண்டு எங்கை எடுத்தனீங்கள்?"

நான் அந்தப் புழுகுக் கதையைச் சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்தாள்.

"ஐயோ ரீச்சர்! இருபத்தெட்டும் ஒரே கொடி. இந்த மஞ்சள் இனம் தன்ரை பூத்தூளை தான் ஏற்காது. நீங்கள் இருபத்தெட்டு நட்டாலும் இருநூறு நட்டாலும் அதுக்கு ஒரு கொடிதான். வேறை கொடியின்ரை பூ வேணும். கையாலை எடுத்துத் தடவிவிட்டால் பிடிக்கும்."

"வேறை கொடிக்கு நான் எங்கை போக? இனிக் கண்டு நட்டு அது எப்ப பூக்கிறது?"

அவள் திரும்பி மதிலைப் பார்த்தாள். மதிலுக்கு மேலே, அந்தப் பக்கத்துக் கிணற்றுப் பந்தலில் இருந்து ஒரு கொடி தலையை நீட்டிக்கொண்டு நின்றது. நிறையப் பூ.

"அது ஆரின்ரை வளவு?"

அவளுக்குத் தேத்தண்ணி போடவேண்டும் என்று நான் குசினிக்குள் போனேன்.

அது அக்காவுடைய வளவு. சொந்த அக்கா இல்லை. என்னை விட எட்டு வயது மூத்தவ, புருசன் இல்லை, ஒரே மகள் கொழும்பில் கலியாணம் கட்டி இருக்கிறாள். இரண்டு வளவுக்கும் நடுவில் முன்பு கிளுவையும் பூவரசும் நின்ற கதியால் வேலி. இடையிடையே பனங்குற்றிகள். அந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆள் குனிந்து போய்வரக்கூடிய இடைவெளி. எங்கள் பக்கத்தில் எந்த வேலியிலும் அப்படி ஒன்று இருக்கும். வாசல் படலையால் போனால் ஒழுங்கையைச் சுற்றிக் கால் மணித்தியாலம், பொட்டால் போனால் நாலு எட்டு. கறி போகும், புட்டு வரும், கதை போகும், கதை வரும். இருபது வருடமாக நான் ஒரு நாளில் வாய் திறந்து கதைத்ததில் முக்கால்வாசி அந்தப் பொட்டடியில்தான்.

நான் ஓய்வு பெற்ற வருடம் தம்பி மதில் கட்டக் காசு அனுப்பினான். பாதுகாப்பாம். அக்கா வந்து பார்த்துவிட்டு, "பொட்டு விட்டுக் கட்டச் சொல்லுமன், ரீச்சர்" என்றா. பிறகு சிரித்துக்கொண்டு, "ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்கு மதில்?" என்றா.

அவ பகிடிக்குத்தான் சொன்னா. ஆனால் எனக்கு அது நெஞ்சில் குத்தியது. ஆளில்லாத வீடாம். அப்ப நான் ஆர்? ஆள் இல்லையோ? கலியாணம் கட்டாதவள் ஆள் கணக்கில் வராதோ? மேசன் அடுத்த நாள் வந்து, "பொட்டு விடுறதோ, ரீச்சர்?" என்று கேட்டபோது, "ஒரு எறும்பு போறதுக்கும் விடவேண்டாம்" என்றேன். ஆறடிக்கு மேலே எழுப்பி, உச்சியில் உடைந்த போத்தல் ஓடும் பதித்தார்கள். கதியாலையும் பனங்குற்றிகளையும் நானே நின்று கொளுத்துவித்தேன். அந்தக் குற்றிகளில் வட்ட வட்டமாய் ஓட்டைகள் இருந்ததும், கருவண்டுகள் புகைக்குள் சுற்றிச் சுற்றிப் பறந்ததும் இப்போது ஞாபகம் வருகிறது.

மூன்று வருடம் நாங்கள் கதைக்கவில்லை. சண்டை என்று ஒன்றும் பிடிக்கவில்லை. கோயிலில் கண்டால் அவ சாமியைப் பார்ப்பா, நான் ஐயரைப் பார்ப்பேன். வீட்டில் நான் பகல் முழுக்க குசினி யன்னலில் றேடியோவைப் போட்டு வைத்தேன். ஒரு மனிசக் குரல் கேட்கவேண்டுமே.

வைகாசியில் அடுத்த பூ தொடங்கியது. நல்லூருக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. பூவில் இருந்து பழம் வர இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் விடை அக்கா வீட்டுப் படலையில்தான் வந்து நின்றது. கடைசியில் ஒரு நாள் நல்ல சீலை ஒன்றை உடுத்துக்கொண்டு ஒழுங்கையைச் சுற்றிப் போனேன். போகிற வழி முழுக்க என்ன சொல்வது என்று பாடமாக்கினேன்.

அவ முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் நிமிர்ந்தா. பாடமாக்கினதெல்லாம் மறந்துபோனது.

"பூ வேணும்" என்றேன்.

"என்ன பூ? சாமிக்கோ?"

"கொடித்தோடைப் பூ."

ஏன், எதற்கு என்று விளக்கினேன். தம்பி வருவதையும் சொன்னேன், வீடு போகப் பார்க்கிறது என்பதையும் சொன்னேன். அவ மிளகாயை மற்றப் பக்கம் பிரட்டினா. "அந்தக் கொடி நான் துப்பின கொட்டையிலை முளைச்சது. மருமகன் மலையகம் போய் வரேக்கை கொண்டுவந்த பழம். ரெண்டு வருசமாய்ப் பூக்குது, ஒரு காய் இல்லை. வெட்டி எறிவம் எண்டுதான் இருந்தனான்" என்றா. பிறகு, "மத்தியானம் பூ விரிய, ரெண்டரை மணிக்குத் தாறன். அப்பிடியெண்டால் உம்மடை பூவையும் எனக்குத் தாரும்" என்றா.

மன்னிப்பு ஆரும் கேட்கவில்லை. தேத்தண்ணி தந்தா. குடித்தேன்.

அடுத்த நாள் இரண்டரைக்கு மதிலடியில் நின்றேன். போத்தல் ஓட்டுக்கு மேலால் ஒரு கொக்கத்தடி எழும்பியது. மாங்காய் பிடுங்குகிற அந்த நீளத் தடியின் நுனியில் ஒரு பால்மா ரின் கட்டியிருந்தது. ரின்னுக்குள் பதினைந்து இருபது பூ. நான் எடுத்துக்கொண்டு என் பூக்களைப் போட்டேன். தடி ஆடி ஆடித் திரும்பிப் போனது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்தப் பக்கத்திலும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும். கதிரையில் ஏறி நின்று, அவவுடைய பூவைத் தலைகீழாய்ப் பிடித்து, என் பூவின் நடுவில் நிற்கிற மூன்று முடியிலும் மஞ்சள் தூள் படத் தடவவேண்டும். மாணவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "மூண்டிலும் படவேணும், ரீச்சர். ஒண்டிலை மட்டும் பட்டால் பழம் வெளியிலை பெரிசாய் இருக்கும், உள்ளுக்கை கோது. எவ்வளவு தூள் படுதோ அவ்வளவு கொட்டை, அவ்வளவு சாறு." பூவில் ஈரம் படக்கூடாது, அதனால் தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் வேரடியில். அவள் சொல்ல நான் கொப்பியில் எழுதினேன். சிவப்புக் கோடு போடும் முறை இப்போது அவளுக்கு.

நாலாம் நாள் ஒரு காம்பு பச்சையாகவே நின்றது. ஐந்தாம் நாள் நெல்லிக்காய் அளவு பிஞ்சு. நான் ஒழுங்கையைச் சுற்றி ஓடவில்லை, மதிலடியில் நின்று கத்தினேன்: "அக்கா, பிடிச்சிட்டுது!"

"இஞ்சையும் பிடிச்சிட்டுது!" என்று அந்தப் பக்கத்தில் இருந்து அவ கத்தினா.

அதற்குப் பிறகு மதிலால் கதைக்கத் தொடங்கினோம். முகம் தெரியாமல் கதைப்பது ஒரு வகையில் சுகம். "உம்மடை றேடியோதான் எனக்கு மணிக்கூடு. செய்தி வாசிக்க உலை வைப்பன்" என்று ஒரு நாள் சொன்னா. மூன்று வருடமும் என் றேடியோவைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறா.

பிறகு ஒரு நாள் அவ ஒரு சொல் சொன்னா. காய்களைப் பற்றி நான் புழுகத்தில் அளந்துகொண்டிருந்தேன். அவ இடையில் புகுந்து, "காய்ச்சுக் கிடக்கிற காணிக்குத்தான் விலை கூட, ரீச்சர். உம்மடை தம்பி வந்து பாத்துப்போட்டு, நல்ல விலைக்குப் போகும் எண்டு விக்கப் போறான். பாரும்" என்றா.

ஒவ்வொரு இரவும் நித்திரை வராமல் கிடந்து நான் பயந்துகொண்டிருந்த அதே விசயம். அதை அவ வாயால் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

"உங்கடை வாயிலை நல்லதே வராதோ?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த நாள் இரண்டரைக்கு மதிலடிக்குப் போனேன். தடி வரவில்லை. இரண்டு ஐம்பது. வரவில்லை. ஓகோ, இப்ப அவவுக்குக் கோபமோ, கோபப்பட வேண்டியது நானெல்லோ என்று நினைத்தேன். அப்போதுதான் கேட்டது.

"ரீச்சர்."

மதிலடியில் இருந்து வரவில்லை, கொஞ்சம் தள்ளி, கிணற்றடிப் பக்கம். மெல்லிய குரல். திரும்பவும், "ரீச்சர்." நான் வாய் திறக்கவில்லை. வந்து தடியை நீட்டட்டும், நீட்டினால் கதைப்பேன். பிறகு ஒரு தரம், "பிள்ளை" என்று கேட்டது. அவ என்னை ஒரு நாளும் பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. அது எனக்கு அந்த நேரமே வித்தியாசமாய்ப் பட்டது. பட்டும் நான் என்ன செய்தேன்? இப்ப தாஜா பண்ணுறா என்று நினைத்துக்கொண்டு குசினிக்குள் போய் றேடியோவைப் போட்டேன். சத்தமாய்த்தான் போட்டேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பால்காரர் வந்துதான் கண்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஆட்கள் கூக்குரலிட்டது றேடியோவுக்குள்ளால் எனக்குப் பிந்தித்தான் கேட்டது. நான் செருப்பும் போடாமல் ஒழுங்கையைச் சுற்றி ஓடினேன். கால் மணித்தியாலத் தூரம். நான் போய்ச் சேர அம்புலன்ஸ் போய்விட்டது. கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, எழும்ப ஏலாமல் அந்த வெயிலில் கிடந்திருக்கிறா. ரின் துவைக்கிற கல்லடியில் உருண்டு கிடந்தது. பக்கத்தில் பூக்கள். எனக்குப் பிடுங்கின பூக்கள்.

சொல்ல வெட்கமாய் இருக்கிறது. நான் அந்தப் பூக்களைப் பொறுக்கினேன். ரின்னுக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கதிரையில் ஏறி, ஒவ்வொன்றாய்த் தடவினேன். அழுதுகொண்டுதான் தடவினேன், ஆனால் மூன்று முடியிலும் படத்தான் தடவினேன். அந்தப் பூக்களில் பிடித்த காய்கள் எவை என்று எனக்குத் தெரியவேண்டும் என்று காம்புகளில் நூல் கட்டி வைத்தேன்.

அடுத்த நாள் ஆசுப்பத்திரிக்கு சூப் கொண்டு போனேன். வாட்டுக் கட்டிலில் அவ சின்னனாய்த் தெரிந்தா.

"நான் கூப்பிட்டனான், உமக்குக் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை, அக்கா."

பொய் இவ்வளவு கெதியாய் வாயில் வரும் என்று நான் நினைக்கவில்லை. அவ என் கையைத் தட்டி, "உயர மதில்தானே. உமக்கு எப்பிடிக் கேக்கும்" என்றா.

அடுத்த கிழமை மகள் வந்து கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீடு பூட்டு. இரண்டரைக்கு மதிலடியில் போய் நிற்கிற பழக்கம் மட்டும் எனக்கு விடவில்லை. போய் நிற்பேன். மேலே வெறும் போத்தல் ஓடு மினுங்கும். அந்த மூன்று வருடமும் தனிமை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம் சும்மா வீம்பு. தனிமை என்றால் என்னவென்று அந்த ஆடி மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

தம்பி வந்தான். கொடித்தோடையைப் பிடுங்கக்கூடாது, தானாய் விழவேண்டும். விழுகிற பழம் அடிபடாமல் இருக்க, குருநகரில் இருந்து பழைய மீன்வலை வாங்கிப் பந்தலுக்குக் கீழே கட்டியிருந்தேன். அவன் வலையில் கிடந்த மஞ்சள் பழங்களைக் கண்டு சின்னப்பிள்ளை போலத் துள்ளினான். ஒன்றைத் தூக்கி, "அக்கா, என்ன பாரம்!" என்றான். காம்பில் நூல் இருந்தது. வெட்டினான். விளிம்பு வரைக்கும் சாறு. மூன்று பழம் நின்ற நிலையில் தின்றான்.

போகிற அன்று, "நீங்கள் இருக்குமட்டும் இருங்கோ. நான் இனி விக்கிற கதை கதைக்கமாட்டன். உறுதியையும் உங்கடை பேருக்கு மாத்துறதுக்கு லோயரிட்டைச் சொல்லிப்போட்டன்" என்றான். அக்கா சொன்னது பிழையாய்ப் போய்விட்டது. அதை ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

அவன் போன மறுநாள் அதே மேசனைக் கூப்பிட்டேன். மதிலில் இடம் காட்டினேன். "விசரோ, ரீச்சர்? எறும்புக்கும் விடாதை எண்டியள். இப்ப அங்காலை ஆருமில்லை, இப்பவோ பொட்டு?" என்றார். "நீர் உடையும்" என்றேன். மூன்று கல் அகலத்துக்கு உடைத்தார். இப்போது நாலு எட்டில் போய்ப் பூ எடுக்கிறேன், அவவுடைய கொடிக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன், கிணற்றடிப் பாசியைச் சுரண்டுகிறேன். அவவுடைய காய்களும் பழுத்து விழுந்தன. பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தா. தடி பிடித்து நடக்கிறாவாம். கார்த்திகைக்குள் வந்துவிடுவாவாம். மகள் வேண்டாம் என்கிறாளாம், அவ கேட்கமாட்டாவாம். நான் பொட்டைப் பற்றிச் சொன்னேன். சந்தோசத்தில் அவவுக்குக் குரல் ஏறியது.

"அப்ப இனிக் கூப்பிட்டால் உமக்குக் கேக்கும்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அண்டைக்கும் கேட்டது, அக்கா" என்றேன்.

அந்தப் பக்கத்தில் அவ கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது.

"தெரியும், பிள்ளை" என்றா. "நீர் றேடியோ போட்டது எனக்குக் கேட்டது."

பிறகு அவ, இன்றைக்கு எத்தனை பூ என்று கேட்டா. நான் எண்ணிச் சொன்னேன்.